பாட்டு பொது, பதிப்பு உழைப்பு
நேற்று அச்சான புத்தகத்திலிருந்து எடுத்தாலும் குறுந்தொகைப் பாடல் எல்லோருக்கும் பொது. அதை மேற்கோள் காட்ட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நூலின் முகப்பில் உள்ள பதிப்புரிமை எச்சரிக்கை, இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, உரை, குறிப்புகளுக்கே பொருந்தும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவற்றுக்குக் காப்பு உண்டு. 1942-இல் மறைந்த உ.வே.சாமிநாதையரின் உரைகளுக்கு அந்தக் காலம் 2002-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் யாருடைய பதிப்பிலிருந்து எடுத்தோம் என்பதை நாம் சொல்லியே ஆக வேண்டும். செல்லரித்த ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை ஆராய்ந்து, சரியான சொல்லைத் தேர்ந்தவரின் உழைப்பு அந்த வரிகளில் இருக்கிறது. பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் குறித்தால் அவருக்கு மரியாதை. வாசகருக்கோ மூலத்தைச் சரிபார்க்க வழி. சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்வோம்.