வண்டியோடு ஆர்.சி.யும் வர வேண்டும்

பழைய வாகனங்களை நன்கொடையாகப் பெறுவது குறித்து எங்கள் அறக்கட்டளையின் நிலைப்பாடு

"வண்டி சும்மாதானுங்க நிக்குது, வந்து எடுத்துட்டுப் போங்க." பொள்ளாச்சி, அவிநாசி, கோபி என்று எல்லாப் பக்கமிருந்தும் எங்களுக்கு இப்படி அழைப்பு வருகிறது. பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில், வாசலில் ஒரு கார். விற்க மனம் வரவில்லை. நாலு பேருக்கு உதவட்டும் என்று நினைக்கிறார்கள். அந்த மனசுக்கு மரியாதை செய்யத்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறோம். பெயர் மாற்ற முடியாத வண்டியையும், ஓடாத வண்டியையும் இனி நாங்கள் ஏற்பதில்லை.

வண்டியே வேண்டாம் என்பதல்ல. சங்கரா கண் மருத்துவமனை கிராமங்களில் முகாம் போட்டு, அறுவை சிகிச்சை வேண்டியவர்களைப் பஸ்ஸில் கோவைக்கு அழைத்து வந்து, முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விடுகிறது. வைத்தியம் இலவசமாக இருந்தாலும் அந்த பஸ் இல்லாவிட்டால் கண்ணில் புரை விழுந்த பாட்டி வந்து சேர முடியாது. பழைய வண்டி என்றால் மட்டம் என்று நினைக்கும் ஊரும் அல்ல கோவை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டித்தான் ஜி.டி. நாயுடு இயந்திரத்தைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார்.

எங்கள் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ஆம்னி வேன் ஒன்று கிடைத்தது. வேப்ப மரத்தடியில் இரண்டு மழைக்காலம் நின்ற வண்டி. நாலு டயரும் மண்ணோடு அமுங்கிக் கிடந்தன. முன்சீட்டைத் தூக்கினால், இன்ஜின் மேல் எலி தேங்காய் நாரில் கூடு கட்டியிருந்தது. வயரிங் பாதி கடிபட்டிருந்தது. பேட்டரி, டயர், வயரிங் என்று செலவழித்து ஓட வைத்த பிறகு ஆர்.சி.யைப் பார்த்தோம். அது இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தது. கடன் எப்போதோ அடைந்திருந்தும் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அதிலிருந்து நீங்கவில்லை. வாரிசுச் சான்றிதழ், படிவம் 31, கடனை நீக்கும் படிவம் 35, வெளிநாட்டில் இருக்கும் மகளின் சம்மதம் எல்லாம் சேர மாதங்கள் ஓடின. அதுவரை ஒரு நோயாளியைக்கூட அதில் ஏற்றவில்லை. முதலில் ஆர்.சி.யைக் கேட்காதது எங்கள் தவறு.

பெயர் மாற்றாமலே ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கார் பல கை மாறியிருந்தது. விபத்து நடந்தபோது பதிவுச் சான்றில் இருந்ததோ முதல் உரிமையாளரின் பெயர். இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்றது நீதிமன்றம். தானம் கொடுத்த வண்டி எங்கேயோ மோத, கொடுத்தவர் வீட்டுக்குச் சம்மன் வருவதை எங்களால் ஏற்க முடியாது. எனவே கொடுப்பவரும் எங்கள் ஆளும் படிவம் 29, 30-ல் கையெழுத்திட்டு விண்ணப்பித்து, இன்சூரன்ஸும் எங்கள் பெயருக்கு மாறிய பிறகே சாவியை வாங்குவோம். உள்ளே ஸ்ட்ரெச்சர் பொருத்துவது போன்ற மாற்றங்களுக்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கியே செய்வோம்.

வரி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மகன் போனில், "காரை டிரஸ்ட்டுக்குக் கொடுத்துடுங்கப்பா, வரி குறையும்" என்கிறான். அங்கே அது உண்மை. தொண்டு நிறுவனங்கள் அந்தக் கார்களைப் பெரும்பாலும் ஏலத்தில் விற்றுப் பணமாக்கிக்கொள்கின்றன. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், பொதுவாக விற்ற விலைக்குத்தான் கிடைக்கும். இங்கே 80ஜி என்று நாம் பழகிய சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டும்தான். பொருளாகக் கொடுத்தால் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. காருக்கு 80ஜி ரசீது கேட்டால், எத்தனை வேண்டியவராக இருந்தாலும், எங்கள் பதில் முடியாது என்பதே.

15 ஆண்டு தாண்டிய காரை வாங்க இன்னும் யோசிப்போம். பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. அத்தகைய வண்டியை அதன் சொந்தக்காரரே விற்று, அந்தத் தொகையைக் காசோலையாகத் தருவது இரு தரப்புக்கும் நல்லது. ஓட்டவே முடியாதென்றால் 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குங்கள். ஆர்.சி.யை ரத்து செய்யாமல் காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள்.

தமிழக அரசிடம் ஒரு கோரிக்கை உண்டு. பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு நோயாளிகள் பயன்பாட்டுக்கென்றே தானமாக வரும் வண்டிக்குப் பெயர் மாற்றக் கட்டணத்திலும் பசுமை வரியிலும் விலக்கு அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் அந்த வண்டியின் ஓட்டப் பதிவேட்டை ஆர்.டி.ஓ.விடம் காட்ட நாங்கள் தயார்.

உபயம் என்று பெயர் எழுதக் கேட்பவர்களுக்குப் பின்கதவில் எழுதித் தருகிறோம். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. பெற்றோர் பெயர் ஊருக்குள் ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வண்டி கொடுக்க நினைக்கும் பெரியவர்களே, எங்களைக் கூப்பிடும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். கடன் பாக்கி என்று கம்பெனி பெயர் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். உங்கள் பெயரில் இருக்கும் வண்டியை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்; அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவைக்க வேண்டாம்.