அந்தப் பையனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்

திரைப்படங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

செஞ்சியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் எழுதுகிறேன். திரையில் வரும் தற்கொலைக் காட்சிகளைப் பற்றி மனு போட்டுப் பார்த்தாயிற்று. யார் யாருக்குப் போட்டேன் என்பதை விட்டுவிடுகிறேன். ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்தன, பதில் வரவில்லை. விதிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2012 மார்ச்சில் வந்த ‘3’. ஐஸ்வர்யா தனுஷ் இயக்கியது. படம் வருவதற்கு முன்பே ‘கொலவெறி’ பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்தது. பள்ளிச் சீருடையில் தொடங்கும் காதல் கதை. பின்பாதியில் நாயகனுக்கு இருமுனை மனநோய். மனைவியிடம் மறைக்கிறான், நண்பனுக்குத் தெரியும். தன்னால் அவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அஞ்சித் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறான். எப்படி என்பதை நான் எழுத மாட்டேன். படம் காட்டுகிறது. அவளுக்காகச் செய்த தியாகம் என்று நம்மை அழவைத்துக் காட்டுகிறது.

அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்த மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான். “சார், அந்த நோய் வந்தா வேற வழியே இல்லையா சார்?” சினிமாக் கதையைக் கேட்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னான், அவன் அம்மா அதே நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

வழி இருக்கிறது என்றேன். இந்த நோய்க்கு லித்தியம் கேட்கிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-லேயே எழுதிவிட்டார். இன்று வேறு மருந்துகளும் உண்டு. மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள் எத்தனையோ பேர், உன் அம்மாவைப் போல என்றேன். தலையாட்டினான். ஆனால் நான் பேசியது ஐந்து நிமிடம். படம் பேசியது இரண்டரை மணி நேரம். நாயகன் தனுஷின் முகத்தோடு, அனிருத்தின் இசையோடு.

இனி உங்களிடம் கேட்கிறேன். அதே 2012-இல், அக்டோபர் 2 முதல், திரையில் யார் சிகரெட்டைப் பற்றவைத்தாலும் அடியில் ஓர் எச்சரிக்கை வரி வர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. இன்றும் வருகிறது. வில்லன் பீடி பிடித்தாலும் வருகிறது. நாயகன் உயிரை விடும்போது கொட்டகையில் என்ன வருகிறது? புல்லாங்குழலும் வயலினும். நுரையீரலைக் காக்கத் தெரிந்த உங்களுக்கு, உடைந்த மனதோடு இருட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியவில்லையா?

சாவைப் புகழும் கதைக்கு எவ்வளவு பலம் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, இருபது வயதைச் சற்றே தாண்டிய எங்கள் செஞ்சியின் தேசிங்கு ராஜா மடிந்தார். அவர் மனைவி தீயில் இறங்கினார் என்பதைக் கதைப்பாட்டாகவும் கூத்தாகவும் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ராணிப்பேட்டை என்ற பெயரே அந்த ராணியின் நினைவாக வந்தது என்பார்கள். அந்தப் பெண் ஒரு மனுஷியாக எப்படிப் பயந்தாள், யாராவது அவள் கையைப் பிடித்து இழுத்தார்களா என்று எந்தப் பாட்டும் என்னிடம் சொன்னதில்லை. இறந்த விதம்தான் அவள் பெருமை என்றே படித்தோம். முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அதே பாடத்தை வண்ணத்தில் எடுத்து, அரசு முத்திரை குத்தி எங்கள் பிள்ளைகளிடம் கொடுக்கிறீர்கள்.

2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாளொன்றுக்கு ஐம்பத்து நான்கு வீடுகள். எல்லாவற்றுக்கும் சினிமா காரணம் என்று நான் சொல்லவில்லை. கடன், வரதட்சணை, தேர்வு, குடி என்று வேர்கள் பல. ஆனால் தத்தளிக்கிறவன் முன்னால் சாவை அழகாக்கிக் காட்டுவது தண்ணீருக்குள் தள்ளுவதுதான்.

படத்தை வெட்டச் சொல்லவில்லை. துயரத்தை எடுக்காதே என்று எந்தக் கலைஞனையும் தடுக்கவில்லை. ஆனால் மனம் வைத்தால் வெட்டவும் முடியும்: 2017-இல் வந்த ‘தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்’ தொடரின் தற்கொலைக் காட்சியை 2019-இல் நெட்ஃபிளிக்ஸே நீக்கியது. தனியார் நிறுவனம் அவ்வளவு செய்யும்போது அரசு ஒரு வரியாவது ஏன் போடக் கூடாது? சிகரெட்டுக்குப் போட்ட ஒரு வரியை இதற்கும் போடுங்கள். உதவி எண்ணைப் போடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று செஞ்சிக்கு வந்து அந்தப் பையனிடம் சொல்லுங்கள். நான் அழைத்து வருகிறேன்.

நீங்கள் போடும்வரை நான் போடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மனம் தாங்க முடியாமல் கனத்தால், 104 அல்லது 14416. பணம் வேண்டாம். தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
செஞ்சியிலிருந்து ஓர் ஆசிரியர்