குடும்ப ஆலோசனைப் படிப்பு ஏழை மாணவருக்கும் எட்ட வேண்டும்: கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் உயர்கல்வி, சமூக நலம், சட்டத் துறைகள், மாநிலப் பல்கலைக்கழகங்கள்.

குடும்ப வழக்குகளில் தீர்ப்புக்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம். அதற்கான ஆலோசகர்களுக்கும் அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த ஆலோசகர் முன்னால் கணவனும் மனைவியும் மட்டும் உட்கார்வதில்லை. மனைவியிடம் கேட்ட கேள்விக்கு அவள் அண்ணன் பதில் சொல்வார். மாமியார் சீர் கணக்கை எடுப்பார். பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரைப் பேசவிடுவது, யாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்வது, அடி உதை நடக்கும் வீட்டுக்கு ‘அனுசரித்துப் போ’ என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் காப்பது எப்படி? நல்ல மனம் மட்டும் இதற்குப் போதாது; முறையான பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி காசுள்ளவர்களுக்கே வாய்க்கிறது. ஆலோசனைக்கும் குடும்பச் சிகிச்சைக்கும் என்றே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) தொலைநிலையில் ஓர் எம்.எஸ்சி. படிப்பை நடத்தியது. வேலைக்குப் போய்க்கொண்டே உளவியல் படிக்க விரும்பியவர்களுக்குத் தொலைநிலைக் கல்விதான் கைக்கு எட்டியது. 2025-இல் உளவியல் உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்தது. நேரடிப் பயிற்சி இல்லாமல் இத்தொழில் கைவராது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்படியானால் நேரடிப் படிப்பைக் குறைந்த செலவில் தருவது அரசின் கடமை. இல்லையேல், சில வார இறுதி வகுப்புகளில் கிடைக்கும் சான்றிதழை நம்பி மாணவர்கள் பணத்தை இழப்பார்கள். அவர்களை நம்பி வரும் குடும்பங்கள் அதைவிடப் பெரியதை இழக்கும்.

ஆகவே நாங்கள் கோருவது:

1. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, நெல்லை ஆகிய ஐந்து இடங்களிலும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் குடும்பச் சிகிச்சையில் ஈராண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்க வேண்டும். கட்டணம் அரசுக் கலைக் கல்லூரி அளவைத் தாண்டக் கூடாது. பணிபுரிவோருக்கு மாலை வகுப்புகள் வேண்டும்.

2. விண்ணப்பம் வாங்கும் முன்பே முழுச் செலவும் தெரிய வேண்டும். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், களப்பயிற்சிச் செலவு, மேற்பார்வையில் செய்யும் பயிற்சி எத்தனை மணி நேரம், பட்டத்துக்கு எந்த அமைப்பின் அங்கீகாரம் உண்டு என அனைத்தையும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். அரசு, தனியார் இரண்டுக்கும் இது பொருந்த வேண்டும்.

3. மேற்பார்வைக்கெனத் தனிக் கட்டணம் கூடாது. குடும்பத்தின் ஒப்புதலோடு மாணவர் நடத்தும் அமர்வை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னிருந்து ஆசிரியர் கவனித்து, அன்றே திருத்திச் சொல்லும் அறை ஒவ்வொரு துறையிலும் இருக்க வேண்டும்.

4. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகள், குடும்ப நல நீதிமன்றங்கள், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் ஆகியவற்றில் களப்பயிற்சி தர வேண்டும். உதவித்தொகையும் பயணப்படியும் வழங்க வேண்டும்.

5. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. இந்த முதுநிலைப் படிப்புக்கும் அவற்றை நீட்டிக்க வேண்டும்.

6. ஆலோசனை நடப்பது தமிழில். பாடமும் தேர்வும் தமிழிலும் இருக்க வேண்டும். நம் ஊர்க் குடும்பங்களின் சிக்கல்களை வைத்துப் பாடநூல் எழுத வேண்டும்.

7. தொலைநிலையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு நேரடி இணைப்புப் பயிற்சி நடத்தி, அவர்கள் பட்டம் வீணாகாமல் காக்க வேண்டும்.

8. படித்தவருக்கு வேலை வேண்டும். உயர் நீதிமன்றத்தைக் கலந்து, குடும்ப நல நீதிமன்றங்களில் ஆலோசகர் பணியிடங்களை ஊதிய விகிதத்தோடு நிரந்தரமாக்க வேண்டும். சுகாதாரத் துணைத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்பட்டதாரிகளின் பதிவுக்கு வழி செய்ய வேண்டும்.

குறைந்த கட்டணம் என்பதற்காகத் தரம் குறைந்த படிப்பை நாங்கள் ஏற்க மாட்டோம். தரம் என்ற பெயரில் ஏழை மாணவரை வெளியே நிறுத்துவதையும் ஏற்க மாட்டோம். வரும் நிதிநிலை அறிக்கையில் ஐந்து இடங்களிலும் அமையும் இப்படிப்புக்கான துறைகளுக்கு நிதி ஒதுக்குங்கள். அடுத்த கல்வியாண்டிலேயே மாணவர் சேர்க்கையைத் தொடங்குங்கள்.

இவண்,
குடும்ப ஆலோசனை பயிலும் மாணவர்கள், களத்தில் பணிபுரியும் ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள்