இடக்கைக்கும் வேலை கொடுங்கள்
மடிக்கணினியின் டச்பேட் பயணத்துக்கு உகந்தது. பத்திரிகைப் பணிக்கு உகந்ததன்று. தட்டச்சிடும்போது கட்டைவிரல் அதில் பட்டால், கர்சர் வேறு வரிக்குத் தாவிவிடக்கூடும். மரண அறிவித்தலொன்றில் ஒருவரின் பெயர் இவ்வாறு சிதைந்து அச்சேறினால், மறுநாள் வெளியிடும் திருத்தம் அக்குடும்பத்தின் மனவருத்தத்தைத் தீர்க்குமா?

1968 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் சுட்டியை முதன்முதலாகப் பொதுமேடையில் இயக்கிக் காட்டியபோது, வலக்கையில் சுட்டியையும் இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையையும் பயன்படுத்தினார். இரு கைகளுக்கும் அவர் வேலை கொடுத்தார்.

அந்தச் சிறு பலகை பின்னர் வழக்கொழிந்தது. ஆயினும், கண்ட்ரோல் விசையுடன் சேர்த்து அழுத்தும் இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கும் நம் இடக்கையின் கீழேயே வரிசையாக உள்ளன. செய்ததை மீளப்பெறவும், வெட்டவும், நகலெடுக்கவும், ஒட்டவும் அவை போதும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணினி கற்பிப்போர், டச்பேட்டுக்கு முன்னதாக இந்நான்கையும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.