எத்தனை டிகிரி சரியாக இருந்தால் போதும்?

பத்தாம் வகுப்பு மாணவி, மடுகரை

பள்ளி மலரில் இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுதலாமா என்று நான் தயங்கியது உண்மை. ஆனால் பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமலிருக்க மனம் வரவில்லை. பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

சென்னையில் படிக்கும் என் பெரியம்மா மகன், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மின்சிகரெட்டை எடுத்தார். அதன் சின்னத் திரையில் 220 என்று ஓர் எண் ஒளிர்ந்தது. "சூட்டை நாமே டிகிரிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், பாப்பா. அதற்கு மேல் போகாது. அதனால் கெடுதல் இல்லை" என்றார். ஆறாம் வகுப்பு படிக்கும் என் தம்பி அந்த எண்ணையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனை விட அவனைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்த 220 எவ்வளவு சரியானது? எவ்வளவு சரியாக இருந்தால் போதும்?

அம்மா வடை சுடும்போது வெப்பமானி வைப்பதில்லை. ஒரு கிள்ளு மாவைப் போட்டுப் பார்ப்பார். அது மேலே எழும்பினால் சரி. பத்து டிகிரி முன்பின் இருந்தாலும் வடை வடைதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் ஹெபடைடிஸ் பி ஊசி மருந்து கெட்டுவிடும். சூடேறினால் போலியோ சொட்டு மருந்து வீணாகும். ஆகையால் தினம் இருவேளை அளவு பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் துல்லியம்.

இனி அந்தக் கருவிக்கு வருவோம். அதற்குள் வெப்பமானியே கிடையாது! உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதைச் சுற்றித் திரவத்தில் நனைந்த பஞ்சு. கம்பி சூடாகும்போது அதன் மின்தடை கூடும்; அதை அளந்து சூட்டைக் கணக்குப் போடுகிறது. கம்பி நிக்கலா, டைட்டானியமா, துருப்பிடிக்காத எஃகா என்று தவறாகச் சொல்லிவிட்டால் கணக்கும் தவறு. ஆறாத கம்பியை ஆறியது என்று எடுத்துக்கொண்டாலும் தவறு. மேலும் அது கம்பி முழுவதற்குமான சராசரி. பஞ்சு உலர்ந்த ஓரிடம் மட்டும் தனியாகக் கொதிக்கலாம்.

திரவத்தில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு. புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். சூடு ஏற ஏற இவை சிதைந்து பார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன. அடுப்பில் மறந்துபோன எண்ணெய் புகைந்து கண்ணை எரிக்கிறதே, அந்தக் காரம் அக்ரோலினுடையது. ஆய்வுக்கூடத்துப் புட்டியில் தவளையை அழுகாமல் வைத்திருக்கும் பார்மலின், தண்ணீரில் கரைந்த பார்மால்டிஹைடுதான். இதில் இந்த டிகிரி வரை அமுதம், அடுத்த டிகிரியில் விஷம் என்று கோடு எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும்.

ஒரு நியாயத்தையும் மறைக்கக் கூடாது. இழுக்கும்போது சாதாரண சிகரெட்டின் நுனி சுமார் 900 டிகிரிக்குச் செல்கிறது. பிரிட்டனில், நெடுங்காலம் புகைத்தவர்கள் அதை விடுவதற்கு மின்சிகரெட்டுக்கு மாறலாம் என்று அரசு மருத்துவத் துறையே சொல்கிறது. அப்படிப்பட்டவருக்குச் சூட்டுக் கட்டுப்பாடு உதவத்தான் செய்யும். பஞ்சு கருகாமல் காத்தால் போதும். ஐந்து டிகிரி முன்பின் ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எங்கள் அண்ணன் எந்த சிகரெட்டை விடுவதற்காக இதைத் தொட்டார்? அவர் முன்பு புகைத்ததே இல்லை. ஒரு டிகிரி பிசகாமல் சூட்டை வைத்தாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான். அது பழக்கமாக ஒட்டிக்கொள்வதைத் தடுக்க அந்தத் திரையில் பொத்தான் இல்லை.

அமெரிக்காவில் 2019-இல் இத்தகைய கருவிகளால் நுரையீரல் கெட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சென்றனர். 68 பேர் இறந்தனர். சூடு தவறியதால் அல்ல. கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமென்று கண்டறியப்பட்டது. திரையில் எண் என்ன காட்டியிருந்தால்தான் என்ன?

நம் நாட்டிலோ 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரப்படுத்துவதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இங்கே கிடைப்பதெல்லாம் மறைவாக வந்த சரக்கு. மளிகைக் கடைத் தராசுக்கு அரசு முத்திரை உண்டு. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிக்கும் உண்டு. மறைவாக வந்த சரக்கை யார் சோதித்து முத்திரையிட்டார்கள்?

இதைத்தான் அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றிரவு தம்பி, "அக்கா, அந்த நம்பர் நிஜமா?" என்றான். அந்த வெளிச்சத்தில் தெரிந்த நம்பர் என் பதிலைவிட அவனுக்கு அழகாக இருந்தது போலும். பாதி நம்பினான், பாதி நம்பவில்லை. அண்ணன் கோடை விடுமுறைக்கு வருவார். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்பேன்.