‘நடிப்புதானே, பார்க்கட்டும்’ என்னும் சாக்கு



நம் பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காணும் அமெரிக்கக் குஸ்தி நிகழ்ச்சிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும்போதும், நிக்காஹ் விருந்தில் அமர்ந்திருக்கும்போதும் இவ்விரண்டையுமே கேட்கிறோம். ‘அதெல்லாம் நடிப்புதானே, பார்த்துவிட்டுப் போகட்டும்’ என்பது ஒன்று. ‘அந்தப் பெட்டியே ஹராம், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்’ என்பது மற்றொன்று. கேட்பதற்கு இவை எதிரெதிரானவை. ஆனால் இரண்டும் ஒரே சோம்பலில் பிறந்தவை. பிள்ளை எதைப் பார்க்கிறான் என்று அருகில் அமர்ந்து பார்க்காதவர்களே பெரும்பாலும் இவற்றைச் சொல்கிறார்கள். அறிவு இல்லாத விஷயத்தைப் பின்தொடராதே, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிப்பது, போகிற போக்கில் கருத்துச் சொல்லும் இந்த வழக்கத்துக்கும் பொருந்தும்.

முதலில் இரண்டாம் கூட்டத்தாருக்கு. மல்யுத்தம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. ருகானா என்ற மல்லரை நபி (ஸல்) அவர்கள் வீழ்த்திய செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை உண்டென்று திர்மிதி இமாம் அவர்களே குறிப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உஹதுப் போருக்கு முன் சிறுவர் ஸமுரா (ரலி), தம் வயதொத்த ராஃபிஉ (ரலி) அவர்களை மல்யுத்தத்தில் வீழ்த்திக் காட்டிப் படையில் இடம் பெற்றதை வரலாற்று நூல்கள் பதிந்துள்ளன. பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களித்த செய்தி புகாரியில் உள்ளது. ஆகவே விளையாட்டையும் வேடிக்கையையும் ஒட்டுமொத்தமாக வெட்டிச் சாய்ப்பது எளிது. ஆனால் அது பிள்ளைக்கு எதையும் கற்பிக்காது. காரணம் சொல்லாத தடை, கதவுக்குப் பின்னால் கைப்பேசியைத் திறக்க மட்டுமே கற்றுக்கொடுக்கும்.

அந்தக் கதவு எப்படி வந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தில் தெருவே ஒரு வீட்டில் கூடியது. பெரியவர் ஒருவர் முகம் சுளித்தால் காட்சி நகர்த்தப்பட்டது. பின்னர் கேபிள் வந்தது. தொண்ணூறுகளில் மல்லர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட ட்ரம்ப் கார்டுச் சீட்டுகள் பள்ளிப் பைகளில் புகுந்தன. 2006 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கியபோது, தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டாரங்களின் எளிய குடும்பங்களுக்கும் சொந்தத் திரை கிடைத்தது. இன்று திரை உள்ளங்கைக்கு வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் அந்த நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்ஸ் வழியே வருகின்றன. தெருவிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து கைக்கும் திரை சுருங்கச் சுருங்க, உடனிருந்த பெரியவரின் கண் விலகிக்கொண்டே போனது. குஸ்தியைவிட இந்த விலகலே நம்மை அச்சுறுத்த வேண்டும்.

இனி ‘நடிப்புதானே’ என்பவர்களுக்கு. ஆம், நடிப்புதான். யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. 1989ஆம் ஆண்டு, அன்று டபிள்யூ டபிள்யூ எஃப் எனப்பட்ட அந்நிறுவனமே அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டில் இது உண்மையான போட்டியன்று, கேளிக்கையே என்று ஒப்புக்கொண்டது. மனச்சாட்சி உறுத்தியதால் அன்று. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரசுக் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலகுவதற்காக. சட்டமன்றத்தில் ‘பொய்’ என்று சொன்னதை, மேடையில் ‘மெய்’ போலவே தொடர்ந்து விற்றார்கள். நாடகம் தன்னை நாடகம் என்று சொல்லிக்கொள்கிறது. இதுவோ போட்டியின் உடையையும், நடுவரையும், பட்டத்தையும் அணிந்துகொண்டு வருகிறது. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய்யுரைப்பவருக்குக் கேடு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. மேலும், முடிவு பொய்யானாலும் விழும் உடல் மெய்யானது. 1999 மே மாதம் கான்சஸ் நகரில், கயிற்றில் தொங்கி இறங்கும் வித்தை ஒன்றில் ஓவன் ஹார்ட் என்ற மல்லர் மேலிருந்து விழுந்து இறந்தார். வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று அவர்களே எச்சரிக்கை ஒளிபரப்புகிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதைப் பிள்ளைக்கு விளக்கியிருக்கிறோம்?

அடிபட்ட உடலைவிட, சிதைந்த அளவுகோலே பெரிய இழப்பு. மக்தபுக்கு வரும் சிறுவர்கள் கட்டைவிரலால் தம் கழுத்தை அறுப்பதுபோல் சைகை செய்வதைக் காண்கிறோம். அது அண்டர்டேக்கரிடமிருந்து வந்தது. தோழன் முன் கையை அசைத்து ‘உன்னால் என்னைப் பார்க்கவே முடியாது’ என்பது ஜான் சீனாவிடமிருந்து வந்தது. கோபத்தைப் பெருக்குபவனே வீரன், அவமதிப்புக்குப் பழிவாங்குபவனே ஆண்மகன் என்பதே அங்கு வாரந்தோறும் நடத்தப்படும் பாடம். எதிரியை வீழ்த்துபவர் வீரர் அல்லர், கோபத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே வீரர் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற நபிமொழி. சண்டையிடும்போதும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வாரத்தில் சில மணி நேரம் மக்தபில் ஒன்றைக் கற்பித்து, எஞ்சிய நேரமெல்லாம் திரையில் அதன் நேரெதிரைக் கற்க விட்டால், எது மனத்தில் நிற்கும்?

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதைகளில் வில்லன் யார்? 2004இல் முஹம்மத் ஹசன் என்ற பாத்திரத்தைப் படைத்தார்கள். நபியின் பெயரைத் தாங்கிய அந்த அரபு அமெரிக்க முஸ்லிமாக நடித்தவர் இத்தாலிய வம்சாவளியினரான மார்க் கோப்பானி. 2005 ஜூலை 4 அன்று படமாக்கிய காட்சியில், அவர் தொழுவதுபோல் மண்டியிட, முகமூடி அணிந்தவர்கள் வந்து அண்டர்டேக்கரின் கழுத்தை நெரித்தார்கள். அது அமெரிக்காவில் ஒளிபரப்பான ஜூலை 7 அன்றுதான் லண்டனில் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். எதிர்ப்பு எழுந்து, அந்த மாத இறுதிக்குள் பாத்திரம் நீக்கப்பட்டது. வணக்கத்தையே பயங்கரத்தின் அடையாளமாக்கிய அந்தக் காட்சியும் ‘நடிப்புதானே’? நம் வீட்டுப் பிள்ளை அதற்கும் கைதட்ட வேண்டுமா?

‘சவூதியிலேயே நடக்கிறதே’ என்ற வாதமும் வருகிறது. 2018 ஏப்ரல் 27 அன்று ஜித்தாவில் பெரும் நிகழ்ச்சி நடந்தது உண்மை. ஓர் அரசு செய்யும் வணிக ஒப்பந்தம் மார்க்கத்துக்கு ஆதாரமாகாது. அதே மேடையில் ஈரானியக் கொடியோடு இருவர் அனுப்பப்பட்டு, சவூதிப் பயிற்சி மல்லர்களிடம் அடிவாங்கும் காட்சி அமைக்கப்பட்டது. அவ்விருவரில் ஒருவரான ஷான் தைவாரி, முன்பு முஹம்மத் ஹசனின் துணையாக நடித்தவர். அமெரிக்கக் கூட்டத்துக்கு முஸ்லிம் வில்லன். அரபுக் கூட்டத்துக்கு ஈரானியர் வில்லன். யார் எவரை வெறுக்கிறார்களோ அந்த வெறுப்பை அவர்களுக்கே விற்கும் வணிகம் இது. உம்மத்தின் பிளவும் அவர்களுக்குச் சரக்குதான்.

எனவே பெற்றோர்களே, தீர்ப்புக்கு முன் ஒருமுறையேனும் பிள்ளையோடு அமருங்கள். ‘இதில் வெல்பவர் யார் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஏன் கோபப்படுகிறார்? கெட்டவனாக யாரைக் காட்டுகிறார்கள்?’ என்று கேளுங்கள். அத்தா தன்னோடு அமர்ந்து கேட்ட கேள்வியைப் பிள்ளை எளிதில் மறக்க மாட்டான். பிறகு ‘வேண்டாம்’ என்றால், அந்தச் சொல்லுக்குக் காரணம் இருக்கும். அத்தோடு நிற்காமல் மாற்றையும் கொடுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மைதானம் காத்திருக்கிறது. கபடியும் சிலம்பமும் நம் ஊர்களில் இன்னும் சாகவில்லை. உண்மையான விளையாட்டில் தோற்றுப் பழகும் பிள்ளைக்குப் பொய்யான வெற்றி விரைவில் சலித்துவிடும்.

நம்மையும் நம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுமாறு இறைவன் இட்ட கட்டளை, தந்தையரையும் தாய்மாரையும் நோக்கியது. அதை ரிமோட்டிடம் ஒப்படைக்க முடியாது. பொறுப்புள்ள பெற்றோராய் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.