திறக்கச் சொன்னது யார்?

என் ஹார்ட் டிஸ்க்கைக் கொன்றது விழுந்த அடி அல்ல. திறந்த கை.

ஓடி வந்த பேரன் காலில் ஒயர் சிக்கி, டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. செருகிப் பார்த்தால் 'டிக், டிக்' என்று ஒரே சத்தம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு கடை. கண்ணாடியில் 'டேட்டா ரிகவரி' என்று கொட்டை எழுத்து. "டேட்டா வரலைன்னா காசே வேணாம் அங்கிள்" என்றார்கள். மறுநாள் போய்ப் பார்க்கிறேன்: கைப்பேசி உதிரிகளுக்கும் கோப்பிக் குவளைக்கும் நடுவே, மூடி கழன்று, மின்விசிறிக் காற்றில் கிடந்தார் என் அப்பா.

ஆமாம், அப்பாதான். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது கூட வேலை செய்தவர்கள் பட்ட பாடு, பழைய தேக்கா சந்தையில் மீன்காரரோடு போட்ட சண்டை, பெருமாள் கோயில் வாசலில் அம்மாவை முதலில் பார்த்த நாள் என்று கடைசிக் காலத்தில் அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து வைத்திருந்தேன். இனி யார் சொல்வார்கள்?

"இன்னொரு காப்பி எடுத்து வைக்கலையா?" என்று கேட்காத ஆளில்லை. திருடனை விட்டுவிட்டுப் பூட்டை விசாரிக்கிறவர்கள்!

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் தட்டு. அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும், தரவைப் படிக்கும் முனை. தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று இடையில் புகுந்தாலே தட்டின் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். அதனால்தான் இதைத் திறக்கும் அறையில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்கு மேலோ உள்ள தூசித் துகள் 100-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரையறை உண்டு. அங்கே வைத்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து நல்ல முனையை எடுத்துப் பொருத்தி, வந்ததைப் படித்துக்கொள்ள வேண்டும். 'டிக், டிக்' என்பது முனை தன் தடத்தைத் தேடித் தோற்கும் சத்தம். அந்த நிலையில் மறுபடி மறுபடி கரண்ட் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்திருக்கிறார்கள். பிறகு நான் கொண்டுபோன, தூசியில்லா அறை உள்ள இடத்தில், தட்டில் வட்டமாக விழுந்திருந்த கீறலைக் காட்டிக் கைவிரித்தார்கள்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் வானில் சிதறியது. கருகி உருகிய நிலையில் கிடைத்த 400 மெகாபைட் டிஸ்க் ஒன்றிலிருந்து 99 விழுக்காட்டுத் தரவை அமெரிக்காவில் மீட்டார்கள். விண்ணிலிருந்து விழுந்தது பிழைத்தது. மேசையிலிருந்து விழுந்தது சந்துக் கடையில் செத்தது.

சந்துக் கடையில் கேட்டால் தாளை நீட்டுகிறார்கள். 'தரவுக்குக் கடை பொறுப்பல்ல'. கீழே என் கையெழுத்து. 2014-இல் சிம் லிம் ஸ்குவேரில் உத்தரவாதக் கட்டணம் என்ற பெயரில் வாடிக்கையாளர்களைச் சுரண்டிய கடைக்காரர்களும் தாளைத்தான் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஜோவர் சியூவுக்கு 33 மாதச் சிறை கிடைத்தது. என் தாளில் 'திறப்போம்' என்ற சொல்லே இல்லையே! கேட்காமல் திறக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். வழக்கறிஞர் வேண்டாம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். எதற்கு எவ்வளவு என்று எழுதுவேன்? டிஸ்க் விலைக்கு ரசீது இருக்கிறது. அப்பா இருமிவிட்டு, "எங்க விட்டேன்?" என்று கேட்பாரே, அதற்கு ரசீது எங்கே?

வீட்டில் மின்கம்பி இழுக்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும் என்கிறது இந்த ஊர். 'டேட்டா ரிகவரி' என்று பலகை மாட்ட எவரிடமும் தகுதியைக் காட்ட வேண்டியதில்லை. தூசியில்லா அறை இருக்கிறதா இல்லையா என்பதைக் கடை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்; உரியவரின் எழுத்து அனுமதி இல்லாமல் மூடியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. இதைச் சட்டமாக்குங்கள். அதுவரை, 'டிக், டிக்' கேட்டால் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் எவர் கையிலும் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.